உப்பின் இரட்டை வேலை

கார்த்திகை, மார்கழி மாரியில் மட்டக்களப்பு வாவிக்குள் இரண்டு விதமான நீர் வந்து சேர்கிறது. படுவான்கரைப் பக்கமிருந்து முந்தனை ஆறும் சிற்றாறுகளும் வயல் மண்ணையும் காட்டு மண்ணையும் கரைத்துக்கொண்டு செந்நிறமாக வருகின்றன. எழுவான்கரைப் பக்கம் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் உள்ளே ஏறுகிறது. சுமார் 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியில் இந்த இரண்டும் எங்காவது ஓரிடத்தில் சந்தித்தாக வேண்டும். ஆற்றுநீரில் மிதந்து வந்த களிமண்ணில் பெரும்பகுதி அந்தச் சந்திப்பைத் தாண்டுவதில்லை. உப்பு கலக்கத் தொடங்கும் இடத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று பற்றிப் பிடித்துத் திரளாகி அடிக்கு இறங்குகின்றன. உலகின் பல கழிமுகங்களிலும் நடப்பதுதான் இது. வாவியின் அடிச்சேறு இவ்வளவு மென்மையாகவும் ஆழமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டம் தளர்ந்தாலே மண் படியும், இதில் உப்புக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மணலுக்கும் பருமனான வண்டலுக்கும் அந்த விளக்கமே போதும்; ஓட்டம் குறைந்ததும் அவை தாமாகவே இறங்கிவிடும். களிமண் அப்படியல்ல. அதன் நுண்துகள்களில் பல ஒரு மைக்ரோமீற்றருக்கும் சிறியவை, அசையாத நீரில் விட்டாலும் நாட்கணக்கில் மிதக்கக்கூடியவை. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே சேற்று நீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இரண்டையும் ஒரே மேசையில் அசையாமல் வைத்தால் இது விளங்கும். உப்புக் குவளை முதலில் தெளியும். ஓட்டம் இரண்டிலும் இல்லை, வேறுபாடு உப்பு மட்டும்தான். அதுவும் கடல்நீர் அளவு உப்பு தேவையில்லை. கடலில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. களிமண் திரள்வதற்கு லீற்றருக்குச் சில கிராமே போதும்.

காரணம் மின்னேற்றம். களிமண் துகளின் தட்டையான முகங்கள் நீரில் மறையேற்றம் கொண்டவை. ஒரே ஏற்றமுள்ள இரண்டு துகள்கள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நீரில் கரைந்துள்ள அயன்களே தீர்மானிக்கின்றன. மறையேற்ற முகத்தைச் சுற்றி நேரயன்கள் ஒரு போர்வையாகக் கூடுகின்றன. போர்வைக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளிருக்கும் ஏற்றம் தெரியாது. ஆற்றுநீர் போல உப்புக் குறைந்த நீரில் இந்தப் போர்வையின் தடிப்பு 10 நானோமீற்றர் அளவில் இருக்கும். கடல்நீரில் அது 0.4 நானோமீற்றருக்குச் சுருங்கிவிடும், அதாவது ஒன்றிரண்டு நீர் மூலக்கூறுகளின் அகலம். தள்ளலின் எட்டம் அவ்வளவாகச் சுருங்கியபின் துகள்கள் அருகே வர முடிகிறது. அருகே வந்ததும், எந்தப் பொருளுக்கும் எந்தப் பொருளோடும் உள்ள குறுந்தூரக் கவர்ச்சி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. எனவே உப்பு எதையும் ஒட்டுவதில்லை. இருந்த தடையை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அத்தியாயம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது வாவியைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறிய ஒரு நீர்வழிக்குப் போவோம். புரதங்களைப் பிரித்தறிவதற்கு அவற்றை மின்புலத்தில் ஓடவிடுவது பழைய உத்தி. சுவீடன் நாட்டு ஆர்னே திசேலியஸ் 1937இல் குருதிப் புரதங்களை இப்படிப் பிரித்துக் காட்டினார், 1948இல் நோபல் பரிசு பெற்றார். மின்புல நகர்ச்சி என்று இதைச் சொல்லலாம். ஆய்வுகூடங்களில் எலக்ட்ரோபோரசிஸ் என்ற பெயரே புழங்குகிறது. 1981இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜோர்கன்சனும் கிரின் லூகாக்சும் 75 மைக்ரோமீற்றர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில், 30,000 வோல்ட் வரை கொடுத்து இதைச் செய்தார்கள். தலைமயிரின் தடிப்புள்ள துளை. மயிர்த்துளைக் குழாய் என்ற தமிழ்ப் பெயர் இங்கே உவமையாக இல்லாமல் அளவாகவே பொருந்துகிறது. துளை இவ்வளவு ஒடுங்கியிருந்தால் மின்னோட்டத்தால் பிறக்கும் வெப்பம் உடனே சுவர் வழியே வெளியேறிவிடும். நீர் சூடேறிச் சுழலாது. ஆகவே பெரிய வோல்ட்டளவைத் தாராளமாகக் கொடுக்கலாம், மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடியும். பிரிப்பின் கூர்மையைக் கணக்கிட ஓர் எளிய சமன்பாடு உண்டு. 30,000 வோல்ட்டையும் ஈமோகுளோபின் போன்ற ஒரு புரதத்தின் பரவல் வேகத்தையும் அதில் இட்டால், பிரிப்புத் திறன் பத்து இலட்சத்தைத் தாண்டுகிறது. கடதாசியில் வரும் கணக்கு இது.

குழாயில் வந்தது வேறு. சிறிய மூலக்கூறுகள் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டு ஊசிபோன்ற கூர்மையான சிகரங்களாக வெளிவந்தன. புரதங்களோ வால் நீண்ட, சப்பையான மேடுகளாக வந்தன. சில வரவே இல்லை. அவை போன இடம் சுவர்.

குழாய் செய்யப்பட்டிருப்பது சிலிக்காவால், அதாவது மிகத் தூய மணலால். நீரில் நனைந்த சிலிக்காவின் மேற்பரப்பில் சிலனோல் எனப்படும் கூட்டங்கள் நெருங்கி நிற்கின்றன. நீர் கடும் அமிலமாக இல்லாதவரை அவை ஐதரசன் அயனை இழந்து மறையேற்றம் பெறுகின்றன, வாவிக் களிமண்ணைப் போலவே. புரதமோ ஒரே மூலக்கூறில் நேரேற்றத் திட்டுகளும் மறையேற்றத் திட்டுகளும் நீரை வெறுக்கும் திட்டுகளும் கலந்த ஒரு சுருள். ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் மொத்த ஏற்றம் பூச்சியமாகும் ஒரு பி.எச். அளவு உண்டு, அதைச் சமமின் புள்ளி என்பார்கள். நீரின் பி.எச். அதற்குக் கீழே இருந்தால் புரதம் நேரேற்றம், மேலே இருந்தால் மறையேற்றம். முட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைமின் சமமின் புள்ளி 11க்கு அருகில். அதாவது சாதாரண நீரில் அது நன்றாக நேரேற்றம் பெற்றிருக்கும், மறையேற்றச் சுவரைக் கண்டதும் போய் ஒட்டும். சுவரொட்டலைச் சோதிக்க விரும்பும் ஆய்வாளர்கள் முதலில் லைசோசைமைத் தேடுவது இதனால்தான்.

சுவர் எவ்வளவு விழுங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மைக்ரோமீற்றர் துளையுள்ள ஒரு மீற்றர் நீளக் குழாயின் உட்சுவர்ப் பரப்பு சுமார் 1.6 சதுர சென்ரிமீற்றர். ஒரு கட்டைவிரல் நகத்தின் பரப்பு. ஆனால் அது அடக்கும் நீர் வெறும் 2 மைக்ரோலீற்றர். ஒரு மில்லிலீற்றர் நீருக்கு இத்தனை சுவர் என்று பார்த்தால், ஏழு சென்ரிமீற்றர் அகலமுள்ள தேநீர்க் கோப்பையைவிட 1,400 மடங்கு. புரதங்கள் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரே அடுக்காக ஒட்டினால் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் பிடிக்கும். அந்தக் கணக்கில் நமது குழாயின் சுவர் 150 நானோகிராமுக்கு மேல் விழுங்க வல்லது. நாம் உள்ளே செலுத்தும் மாதிரி எவ்வளவு? மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் செறிவுள்ள கரைசலில் ஐந்து நானோலீற்றர், அதாவது ஐந்து நானோகிராம். கொடுத்த புரதம் முழுவதையும் முப்பது தடவை விழுங்கிய பின்னும் சுவருக்குப் பசி மிச்சமிருக்கும். குழாய் ஒடுங்கியிருப்பதால்தான் இந்த முறைக்குக் கூர்மையும் வேகமும். சுவர் இவ்வளவு பேராசையோடு இருப்பதும் அதே ஒடுக்கத்தால்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

சிலிக்காவில் புரதம் ஒட்டுவது எல்லா இடத்திலும் தொல்லை அல்ல. முருங்கை விதையைப் பொடித்துக் கலங்கல் நீரில் இட்டால் நீர் தெளியும். சூடானின் நைல் கரைப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது இது. நம்மவர்கள் இதே வேலைக்குத் தேற்றாங்கொட்டையைக் கிணற்று நீர்க் கலத்தின் உட்புறத்தில் தேய்த்தார்கள். முருங்கை விதையில் வேலை செய்வது ஒரு சிறிய புரதம். அதன் சமமின் புள்ளி 10க்கும் 11க்கும் இடையில். லைசோசைமுக்குச் சகோதரன் போன்ற ஏற்றம். அது மறையேற்றக் களிமண்ணில் ஒட்டி, ஒரு துகளை அடுத்த துகளோடு பிணைத்து அடிக்கு இறக்குகிறது. மணலில் இதே புரதத்தை ஒட்டவைத்துக் கிருமி கொல்லும் வடிமணலாக ஆக்கலாம் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. மயிர்த்துளைக் குழாய்க்காரருக்குத் தலைவலி தரும் அதே ஒட்டல் நீர் வடிப்பவருக்கு முதலீடு. ஒட்டுவது புரதத்தின் குற்றமென்றோ கண்ணாடியின் குற்றமென்றோ பேசுவதில் பொருளில்லை. ஏற்றங்கள் எதிரெதிராக இருந்தால் ஒட்டும். இதில் ஒரு குறிப்பு முக்கியமானது: முருங்கை விதையிலிருந்து அந்தப் புரதத்தை வெறும் நீரைவிட உப்பு நீர் அதிகமாகக் கரைத்தெடுக்கிறது. வாவியில் திரளச் செய்த உப்பு இங்கே பிரிந்துபோகச் செய்கிறது.

இரண்டும் ஒரே இயற்பியல்தான். போர்வை சுருங்கினால் ஏற்றம் கண்ணுக்கு மறையும். மறைவது தள்ளலாக இருந்தால் பொருள்கள் ஒட்டும், கவர்ச்சியாக இருந்தால் விலகும். களிமண்ணுக்கும் களிமண்ணுக்கும் இடையே இருந்தது தள்ளல். நேரேற்றப் புரதத்துக்கும் மறையேற்றச் சுவருக்கும் இடையே இருப்பது கவர்ச்சி. உப்பு இரண்டையும் ஒரே கையால் துடைக்கிறது. 1989இல் ஜோர்கன்சனின் ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்த ஆய்வு இதைக் குழாயில் நேரடியாகச் செய்து காட்டியது. ஓடவிடும் கரைசலில் பொற்றாசியம் போன்ற கார உலோகங்களின் உப்பை நிறையச் சேர்த்தபோது, வெறுங்குழாயிலேயே நேரேற்றப் புரதங்கள் கூர்மையான சிகரங்களாக வந்தன. வாவிக்குச் சேற்றைக் கொடுத்த விதி குழாயிலிருந்து புரதத்தை விடுவித்தது.

இந்த விளக்கத்துக்கு இரண்டு எதிர்ப்புகள் உண்டு, இரண்டுமே கவனிக்கத் தக்கவை. முதலாவது, உப்பு வெறுமனே போர்வை போர்த்துவதில்லை. பொற்றாசியம் அயன் சுவரின் சிலனோல் இடங்களிலேயே போய் உட்கார்ந்து புரதத்துக்கு இடமில்லாமல் செய்கிறது என்பது. அது உண்மைதான். எந்த உப்பை எடுத்தாலும் பலன் ஒன்றாக இல்லை, அயனின் வகையைப் பொறுத்து மாறுகிறது. வெறும் போர்வைக் கணக்கு அதைச் சொல்லாது. ஆனால் இடத்தைப் பிடிப்பதும் போர்த்துவதும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன, ஆகையால் வாதம் உடையவில்லை, செழுமைப்படுகிறது. இரண்டாவது எதிர்ப்பு கூடுதல் கூர்மையானது. புரதம் ஒட்டுவது ஏற்றத்தால் மட்டும் அல்ல. நீரை வெறுக்கும் திட்டுகள் சுவரின் அதே இயல்புள்ள இடங்களை நாடும். சில உப்புகளை நிறையச் சேர்த்தால் அந்த நாட்டம் கூடவும் செய்யும். புரதங்களை உப்பிட்டு வீழ்படிவாக்கும் பழைய உயிர்வேதியியல் உத்தியே அதற்குச் சாட்சி. ஆகவே உப்பு சர்வரோக நிவாரணி அல்ல. இந்த எதிர்ப்பை நான் முழுதாக ஏற்கிறேன். சுத்தமான சிலிக்காச் சுவர் நீரை விரும்பும் இனம் என்பதால் இந்தப் பங்கு வெறுங்குழாயில் சிறியது என்று மட்டும் சொல்லலாம். சுவருக்கு எண்ணெய்த்தன்மையுள்ள பூச்சைக் கொடுத்தால் அது தலைதூக்கும்.

உப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒரே வோல்ட்டளவில் மின்னோட்டம் பெருகும், வெப்பம் பெருகும், குழாயின் நடுப்பகுதி சுவரோரத்தைவிடச் சூடாகும். நடுவில் நீர் இளகி, அங்கே போகும் புரதம் ஓரத்தில் போகும் புரதத்தை முந்தும், சிகரம் அகலும். ஒட்டலை நீக்கி வாங்கிய கூர்மையை வெப்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். வோல்ட்டளவைக் குறைக்கலாம், அப்போது வேகம் போகும். துளையை இன்னும் ஒடுக்கலாம். துளையைப் பாதியாக்கினால் நடுவுக்கும் ஓரத்துக்குமான வெப்பநிலை வேறுபாடு கால்பங்காகும், ஆனால் நீரோடு ஒப்பிட்ட சுவர்ப் பரப்பு இரட்டிக்கும். பழைய பேராசைக்கே திரும்பி வந்தோம்.

இந்தச் சிக்கலுக்கு அழகான ஒரு வழியை உயிரினங்கள் முன்பே கண்டிருக்கின்றன. வாவியோரக் கண்டல் காடுகளில் வெண்கண்டல் உப்பு நீரில் வேரூன்றி நிற்கிறது. வெளியே உப்பு அதிகம். உள்ளே சமமான செறிவு இல்லாவிட்டால் மரம் நீரை இழந்து வாடும். உயிர்க்கலத்துக்குள் சோடியத்தை அந்த அளவு நிரப்பினால் நொதியங்கள் கெடும். மரம் கிளைசீன் பீற்றேயின் என்ற மூலக்கூறைச் சேர்த்து வைக்கிறது. அதில் ஒரு நேரேற்றமும் ஒரு மறையேற்றமும் ஒரே உடலில் இருக்கின்றன, மொத்தம் பூச்சியம். எவ்வளவு சேர்த்தாலும் புரதங்களுக்குக் கெடுதல் இல்லை, மின்சாரத்தையும் கடத்தாது. ஜோர்கன்சனின் குழு 1989இல் இத்தகைய இரட்டை ஏற்ற மூலக்கூறுகளையும் குழாயில் நிறையச் சேர்த்துப் பார்த்தது. வெப்பம் கூடாமல் ஒட்டல் குறைந்தது. மொத்த ஏற்றம் இல்லாத பொருளால் அயன்போல் போர்வை விரிக்க முடியாது. அது தன் ஒரு கையால் சுவரையும் மற்றக் கையால் புரதத்தையும் தொட்டு இடையில் நிற்கிறது என்பதே பொதுவான விளக்கம். உப்பைவிட வலிமை குறைவு. ஆனாலும் சூடேற்றாத மருந்து.

இனி முற்றிலும் வேறான ஒரு வழி. சுவரை மாற்றாமல், உப்பையும் சேர்க்காமல், புரதத்தின் ஏற்றத்தையே புரட்டிவிடலாம். நீரின் பி.எச். அளவைப் புரதத்தின் சமமின் புள்ளிக்கு மேலே ஏற்றினால் புரதமும் மறையேற்றம் பெறும். சுவரும் மறையேற்றம். ஒன்றையொன்று தள்ளும். 1986இல் லாவர், மக்மனிகில் என்ற ஆய்வாளர்கள் இதை வெறுங்குழாயில் காட்டினார்கள். மறுபக்கமாகவும் போகலாம்: பி.எச். 2 அளவுக்கு இறங்கினால் சிலனோல்கள் ஐதரசனைத் திரும்பப் பெற்று ஏற்றமிழக்கும், சுவர் ஊமையாகும். அமிலம் புரதத்தின் மடிப்பைக் கலைத்துவிடக்கூடும் என்பது அதன் விலை. அதைப்பற்றி இங்கே இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

காரவழிக்கு இந்த நாட்டிலேயே பொருள் உண்டு. தலசீமியா இலங்கையின் பரம்பரைக் குருதி நோய்களில் பெரியது. 2000ஆம் ஆண்டில் சாந்திமாலா டி சில்வாவும் டேவிட் வெதரோலும் உள்ளிட்ட குழுவினர் லான்செட் இதழில் அதன் பரவலை விரிவாக எழுதினார்கள். நாட்டில் பீற்றா தலசீமியாவோடு ஈமோகுளோபின் ஈ என்ற மாறிய வடிவமும் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒன்றும் மற்றவரிடமிருந்து மற்றதும் வந்தால் பிள்ளைக்கு நோய் வரும். ஆகவே நோயில்லாத காவிகளை முன்கூட்டியே அறிவது முக்கியம். பீற்றா தலசீமியாக் காவியை அறிய ஈமோகுளோபின் ஏ2 என்ற சிறு பங்கை அளக்கிறார்கள். சாதாரணமாக அது மொத்தத்தில் 2 முதல் 3.3 வீதம், 3.5 வீதத்தைத் தாண்டினால் சந்தேகம். ஒரு திருமணப் பேச்சின் திசை அரை வீதத்துக்கும் குறைவான இடைவெளியில் நிற்கிறது.

ஈமோகுளோபின் ஈ எப்படி வேறுபடுகிறது? பீற்றாச் சங்கிலியின் 26ஆவது இடத்தில் மறையேற்றமுள்ள குளூற்றமிக் அமிலம் போய் நேரேற்றமுள்ள லைசீன் வந்திருக்கிறது. ஒரு சங்கிலிக்கு இரண்டு ஏற்ற அலகு வித்தியாசம். ஏற்றத்தால் பிரிக்கும் முறைக்கு இதைவிடத் தோதான மாற்றம் கிடைக்காது. ஏ2வும் சாதாரண ஈமோகுளோபினைவிட நேரேற்றப் பக்கம் சாய்ந்தது. வழக்கமான நிறப்பகுப்புக் (குரோமற்றோகிராபி) கருவிகளில் ஈயும் ஏ2வும் ஒரே இடத்தில் சேர்ந்து வெளிவருவதால் ஏ2வின் அளவை அங்கே படிக்க முடியாது. மயிர்த்துளைக் குழாயில் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. ஆனால் நம் வாதத்துக்கு வேண்டிய புள்ளி வேறு: மறையேற்றச் சுவர் எந்த ஈமோகுளோபினைத் தேர்ந்து பிடிக்கும்? நேரேற்றப் பக்கம் சாய்ந்ததைத்தான். அளக்க வேண்டிய சிறு பங்கையே சுவர் முதலில் களவாடும். எல்லாவற்றிலும் ஒரே வீதம் ஒட்டினால் விகிதம் கெடாது. தேர்ந்து ஒட்டினால் 3.6 என்பது 3.2 ஆகலாம். ஆகையால்தான் மருத்துவக் கூடங்களில் பரவலாக உள்ள செபியா நிறுவனக் கருவிகள் இந்தச் சோதனையைப் பி.எச். 9.4 என்ற காரக் கரைசலில் ஓட்டுகின்றன. ஈமோகுளோபின்களின் சமமின் புள்ளிகள் 7ஐ ஒட்டியவை. 9.4இல் ஏ2வும் ஈயும் உட்பட எல்லாம் மறையேற்றம். எதுவும் சுவரை நாடாது.

இங்கே வாவிக்குத் திரும்பினால் ஒரு விடயம் பளிச்சென்று தெரியும். காரக் கரைசலில் புரதமும் சுவரும் ஒரே ஏற்றம். அது களிமண்ணும் களிமண்ணும் சந்திக்கும் நிலை. அங்கே உப்பைக் கொட்டினால் என்ன ஆகும் என்று முகத்துவாரத்தில் பார்த்தோம்: தள்ளல் சுருங்கும், நெருங்க விடாமல் காத்த வேலி போய்விடும், குறுந்தூரக் கவர்ச்சிக்கு வழி திறக்கும். அதாவது உப்புவழியும் காரவழியும் தனித்தனியே நல்ல மருந்துகள். சேர்த்தால் ஒன்று மற்றதன் பலத்தைத் தின்னும். ஒட்டலைக் குறைக்கும் உத்திகளை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சேர்த்தால் நல்லது என்று நினைக்கும் சமையல் மனப்பாங்கு இங்கேதான் சறுக்குகிறது. முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கரைசலில் என் புரதத்துக்கும் சுவருக்கும் இடையே இருப்பது தள்ளலா கவர்ச்சியா என்பது. உப்பு நண்பனா எதிரியா என்பதை அந்த விடை தீர்மானிக்கும்.

ஒரு புரதத்தின் மொத்த ஏற்றம் மறையேற்றமாக இருந்தாலும் அதன் உடலில் நேரேற்றத் திட்டு ஒன்று இருக்கலாமே, அது திரும்பிச் சுவரைப் பிடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்கும். காரவழியிலும் ஒட்டல் பூச்சியமாவதில்லை என்பதற்கு இதுவே காரணம். மொத்த ஏற்றம் நீண்ட தூரத்தில் பேசும், திட்டு கிட்டத்தில் பேசும். உப்புக் குறைவாக இருந்தால் நீண்ட தூரத் தள்ளல் மூலக்கூறைச் சுவரண்டை வரவே விடாது, திட்டின் குரல் கேட்காது. உப்பு கூடினால் அது கேட்கத் தொடங்கும். எதிர்ப்பாக எழுந்த கேள்வி மேலே சொன்ன முடிவை இன்னும் இறுக்கவே செய்கிறது.

இத்தனை வம்பு எதற்கு, சுவரையே பூசி மறைத்துவிட்டால் ஆகாதா? உப்சாலாவில் திசேலியஸின் மரபில் வந்த ஸ்டெல்லன் யெர்டேன் 1967இலேயே, மூன்று மில்லிமீற்றர் துளையுள்ள சுழலும் குழாய்களில், மெதில்செலுலோசைப் பூசி இதைச் செய்தார். 1985இல் ஒடுங்கிய குழாய்க்குப் பொலியக்ரிலமைட்டைச் சுவரோடு வேதிப் பிணைப்பாகவே கட்டினார். ஏற்றமில்லாத, நீரை விரும்பும் நீண்ட சங்கிலிகள் சுவரில் புல்போல் முளைத்து நிற்கும். ஒவ்வொரு இழையும் நீரைத் தாங்கி வீங்கியிருக்கும். புரதம் சுவரைத் தொட வேண்டுமானால் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் போதாது. வாவியில் விலாங்கைப் பிடித்தவர் கையில் வழுக்கும் சளியும் இதே தந்திரம்தான், நீரைப் பிடித்து வைத்திருக்கும் சர்க்கரை கோத்த புரதப் படலம். பூச்சின் பெருமை, அது ஏற்றக் கணக்கையே தேவையற்றதாக்கிவிடுகிறது என்பதுதான். கொள்கையளவில் இது உப்பையும் காரத்தையும்விட மேலான வழி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் பூச்சு இரண்டு வழியில் கணக்குக் கேட்கிறது. வெறுஞ்சுவர் ஒட்டுவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: சுவரோரம் கூடிய நேரயன்கள் மின்புலத்தில் இழுபட்டு, குழாயிலுள்ள நீர் முழுவதையும் ஒரு பக்கமாக நகர்த்துகின்றன. அந்த ஓட்டம் நேரேற்றப் புரதத்தையும் மறையேற்றப் புரதத்தையும் ஒரே வாசலால் வெளியே கொண்டுவருகிறது. காரக் கரைசலில் மறையேற்ற ஈமோகுளோபின்கள் எதிர்ப்பக்கம் போக முயன்றாலும் இந்த ஓட்டம் அவற்றை அள்ளிக்கொண்டு வந்து கண்டுணரியின் முன் நிறுத்துகிறது. பூச்சுச் சுவரில் ஓட்டம் நின்றுவிடும். ஒரு பக்கம் போகும் புரதங்களை மட்டும் பார்க்கலாம், நேரமும் கூடும். மற்றது, பூச்சைச் சிலிக்காவோடு இணைக்கும் சிலிக்கன்–ஒக்சிசன் பிணைப்பு காரத்தில் மெல்ல அறுபடும். நம் ஈமோகுளோபின் சோதனைக்கு வேண்டியதே காரம்.

பூச்சு ஆங்காங்கே உதிர்ந்தால் வெறுஞ்சுவரைவிட மோசம். சுவரின் ஓர் இடத்தில் நீர் வேகமாக நகரும், அடுத்த இடத்தில் நகராது. குழாய் தொடர்ச்சியானது என்பதால் நீர் தனக்குள் தானே அழுத்தத்தை உண்டாக்கி நடுவில் பாய்ந்து ஓரத்தில் தேங்கும். சிகரம் சிதறும். இதே விளைவைப் புரதம் திட்டுத் திட்டாக ஒட்டிய வெறுஞ்சுவரும் தரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு புரதம் ஒட்டி அங்கேயே இருந்துவிட்டால் அதன் பங்கு மட்டும்தான் குறையும் என்று நினைக்கிறோம். அது சுவரின் ஏற்றத்தையும் மாற்றிவிடுகிறது. அடுத்து வரும் மாதிரியின் புரதங்கள், தாங்கள் ஒட்டாவிட்டாலும், முன்னவர் விட்டுப்போன திட்டுகளால் தடுமாறும். நேற்றைய நோயாளியின் குருதி இன்றைய நோயாளியின் சிகரத்தை அகலமாக்கும்.

குழாயில் இரண்டு இடங்களில் கண்டுணரியை வைத்து, முதல் இடத்தைக் கடந்த புரதத்தில் எவ்வளவு இரண்டாம் இடத்தை வந்தடைந்தது என்று பார்த்தால் இழப்பு நேரடியாகத் தெரியும். அவ்வளவு வசதியில்லாத கூடத்திலும் ஒரே குருதி மாதிரியைப் புதிய குழாயில், இடையில் காரத்தால் கழுவாமல், அடுத்தடுத்துப் பத்துத் தடவை ஓட்டலாம். முதல் ஓட்டங்களில் ஏ2 குறைவாக வந்து, சுவர் நிரம்ப நிரம்ப மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றால், ஏறிய அந்த அளவு சுவர் எடுத்துக்கொண்டது. ஏறாமல் முதலிலிருந்தே நேர்கோடாக வந்தால் பி.எச். 9.4 தன் வேலையைச் செய்கிறது. கருவி தானாகவே எல்லாம் பார்த்துக்கொள்கிறது, இதையெல்லாம் இயக்குபவர் அறிய வேண்டியதில்லை என்ற பேச்சுக்கும் இதுவே விடை. கருவி பார்த்துக்கொள்வது தனக்குப் பழகிய நிலைமைகளை மட்டுமே. கரைசலைச் சேமிக்க நீர்த்துப் பயன்படுத்தினாலோ, நாட்பட்ட புட்டியில் பி.எச். இறங்கினாலோ, அது சொல்லாமல் தவறான எண்ணைத் தரும், அதுவும் தசமத்தில் தவறான எண்ணை.

எல்லாக் கவனத்துக்குப் பிறகும் சிறிது ஒட்டத்தான் செய்யும். அதனால் ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் குழாயைக் கழுவுகிறார்கள், அதுவும் கடுங்காரத்தால். சோடியம் ஐதரொட்சைட்டு ஒட்டிய புரதத்தைக் கரைத்து எடுப்பதோடு நிற்பதில்லை. அது சிலிக்காவையே மிக மெல்லிய அளவில் அரித்து, புரதம் பிடித்திருந்த மேற்தோலை உரித்துக் கீழிருந்து புதிய சிலனோல்களை வெளியே கொண்டுவருகிறது. ஒவ்வொரு கழுவலிலும் சுவர் கொஞ்சம் கரைகிறது. குறித்த எண்ணிக்கை மாதிரிகள் ஓடியபின் குழாயைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள்.